பேய் வரைந்து பிழைக்க முடியுமா?

கேள்வி: கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில் இருக்கிறேன். வயது 23. பி.காம். முடித்துவிட்டு ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். சின்ன வயதிலிருந்தே பேய், பிசாசு, எலும்புக்கூடு என்றுதான் வரைகிறேன். போனில் வரைந்து இன்ஸ்டாகிராமில் போடுகிறேன். லைக் வருகிறது, வேலை வரவில்லை. 'நன்றாக இருக்கிறது, ஆனால் பயமாக இல்லை' என்கிறார்கள். மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன். திகில் ஓவியத்தையே தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா? அதற்குச் சென்னைக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா? அம்மா வேறு, 'விளக்கு வைக்கிற நேரத்தில் இந்தக் கண்றாவியை வரையாதே' என்கிறார்.

பதில்: முடியும். ஆனால் திகில் மட்டும், அதுவும் தமிழில் மட்டும் என்று உட்கார்ந்தால் வயிறு நிறையாது. இரண்டில் ஒன்றை அகலப்படுத்த வேண்டும். தமிழோடு நிற்பதென்றால் புத்தக அட்டை, பத்திரிகைக் கதைகளுக்குப் படம், யூடியூபில் பேய்க்கதை சொல்கிறவர்களுக்கு முகப்புப் படம், சினிமாவுக்கு ஸ்டோரிபோர்டு (காட்சிகளை முன்கூட்டியே வரைந்து காட்டும் படங்கள்) என்று எல்லாவற்றையும் தொட வேண்டும். காதல் கதைக்கும் வரைய வேண்டிவரும். திகில்தான் வேண்டும் என்றால் வெளிநாட்டு வேலைகளைத் தேடுங்கள்: போர்டு கேம்கள், ரோல்-பிளேயிங் விளையாட்டுப் புத்தகங்கள், மெட்டல் இசைக்குழுக்களின் ஆல்பம் அட்டைகள். அங்கெல்லாம் மண்டை ஓடும் சுடுகாடும் அன்றாடத் தேவை.

சென்னைக்குப் போக வேண்டியதில்லை. படம் போவதும் பணம் வருவதும் இணையத்தில்தான். முறையாகப் படிக்க ஆசை இருந்தால் சென்னை எழும்பூரிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன, நான்கு ஆண்டு பி.எஃப்.ஏ. படிப்பு. கையும் கண்ணும் தேறும், ஆனால் பட்டத்தைப் பார்த்து யாரும் வேலை தருவதில்லை. விடுதி வேலையை இப்போதைக்கு விடாதீர்கள்.

இனி உங்கள் படங்கள். 'பயமாக இல்லை' என்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். முதல் படத்தில் பைன் காடு, பௌர்ணமி, வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், சிவந்த கண், வாயில் ரத்தம். எல்லாம் இருக்கிறது, கழுத்துக்குக் கீழே உடம்பு மட்டும் இல்லை. சேலை ஹேங்கரில் மாட்டியது போலத் தொங்குகிறது. தோள் எங்கே, இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தக் காலில் பாரம் என்று தெரியாத உருவத்தைக் கண்டு யாரும் மிரள மாட்டார்கள். பார்ப்பவர் கண் முதலில் 'இது ஆள்' என்று நம்ப வேண்டும். நம்பிய பிறகு அந்த ஆளிடம் ஏதோ ஒன்று பிசகியிருக்க வேண்டும். ஒன்று போதும். கண், பல், நகம், ரத்தம் நாலையும் ஒரே படத்தில் கூட்டிவிட்டால் பிசகைத் தேட இடமே இருக்காது.

இரண்டாவது படம், கதவு விளிம்பைப் பற்றிய கை, மூன்றிலும் நல்ல யோசனை. ஆனால் விரல்கள் குழாயாக இருக்கின்றன. விரலுக்கு மூன்று எலும்பு, கட்டைவிரலுக்கு இரண்டு. கையை மடக்கிப் பாருங்கள், மூட்டுகள் நேர்கோட்டில் நிற்காது. நடுவிரல் மூட்டு உச்சியில் இருக்க, மற்றவை வளைவாக இறங்கும். எதையாவது அழுத்திப் பிடித்தால் விரல்நுனிச் சதை பிதுங்கி, நகத்தடியில் ரத்தம் ஒதுங்கி வெளுக்கும். இவ்வளவையும் ஒழுங்காக வரைந்துவிட்டு, மோதிர விரலில் மட்டும் ஒரு எலும்பைக் கூட்டுங்கள். நகம் சாதாரண நகமாகவே இருக்கட்டும். பார்க்கிறவர் உடனே கவனிக்க மாட்டார். அந்தத் தாமதத்தில்தான் முதுகு சில்லிடும்.

இதற்குப் பாடம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டுப் பதிகத்தின் முதல் பாட்டிலேயே ஒரு பெண்பேயை அங்கம் அங்கமாக எழுதிவைத்திருக்கிறார்: வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த கண், வெள்ளைப் பல், ஒட்டிய வயிறு, சிவந்த மயிர், நீண்ட இரண்டு பற்கள், உயர்ந்து தெரியும் பரடு, நீண்ட கணைக்கால். ஓவியருக்கு இதைவிடத் தெளிவான குறிப்பை எந்தப் பதிப்பாளரும் தரப்போவதில்லை. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, எல்லாம் உடம்பைக் கூர்ந்து பார்த்தவர் சொல். அந்தப் பரடு என்கிற கணுக்கால் எலும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்பக்கத்துப் பரடு சற்று மேலே, வெளிப்பக்கத்துப் பரடு சற்றுக் கீழே இருக்கும். புதிதாக வரைகிறவர்கள் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைப்பார்கள், கால் மரக்கட்டையாகிவிடும். சதை வற்றிய உருவத்தில் எலும்பு மேலே தெரிவதால் அந்தப் பிழை இன்னும் பளிச்சென்று தெரியும். அதனால்தான் பேய் வரைகிறவருக்கு, அழகிய முகம் வரைகிறவரைவிட உடற்கூறு அதிகம் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன். அம்மையாரைத் தாளத்தோடு அமர்ந்த நிலையில் காட்டும் சோழர்காலச் செப்புத் திருமேனிகளின் படங்களைத் தேடிப் பாருங்கள். விலா, காறை எலும்பு, முழங்கால் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்.

மூன்றாவது படத்து மண்டை ஓட்டில் கண்குழி மேலே ஏறிவிட்டது. கண் இருப்பது தலையின் மொத்த உயரத்தில் ஏறக்குறையப் பாதியில். இதைப் படம் பார்த்துப் பழகுவதைவிட எலும்பைக் கையில் வைத்துப் பழகுவது நல்லது. கறிக்கடையில் ஆட்டுத்தலை ஒன்று வாங்கி, சதையை நீக்கி, லேசாகச் சூடாகும் தண்ணீரில் பல மணி நேரம் வையுங்கள். தளதளவென்று கொதிக்க விட்டால் கொழுப்பு எலும்புக்குள் இறங்கி, பிறகு மஞ்சளாகக் கசிந்துகொண்டே இருக்கும். மிச்சச் சதையைச் சுரண்டியபின் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீர் கலங்கும்போதெல்லாம் மாற்றுங்கள். மலைக்குளிரில் தண்ணீர் சீக்கிரம் ஆறிவிடுவதால் கீழே உள்ளவர்களைவிட உங்களுக்குக் கூடுதல் நாள் பிடிக்கும். கொழுப்பு வருவது நின்றதும், மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு நாள் மூழ்கவைத்து, அலசி நிழலில் உலர்த்துங்கள். ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம், எலும்பு பொடிந்துபோகும். பிறகு அந்த ஓட்டை ஒரே விளக்கின் கீழ் வைத்து, தினமும் ஒரு கோணம் வரையுங்கள்.

காட்டுமாட்டின் மண்டை ஓடோ கொம்போ வழியில் கிடந்தால் நின்று வரையுங்கள், போட்டோ எடுங்கள். வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வைத்திருப்பதே குற்றம். காட்டு விலங்குகளை நிதானமாகப் பார்த்து வரைய உங்களுக்குப் பக்கத்திலேயே செண்பகனூர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1895-இல் தொடங்கியது. பதப்படுத்திய விலங்குகள், பறவைகள், பூச்சிகள் கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் இருக்கின்றன. பேனா, நோட்டுடன் உட்காரலாமா என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிணம் வரைய நேர்ந்தால் இரண்டு விஷயம். இறந்தவர் உடம்பில் ரத்தம் தாழ்வான பக்கத்தில் தங்கி, சில மணி நேரத்தில் அங்கே கருஞ்சிவப்புப் படலமாகத் தெரியும், மேற்பக்கம் வெளுத்திருக்கும். மல்லாந்து கிடந்தவரின் முகத்தைக் கருநீலமாக்குவது தப்பு. இரண்டாவது, சிந்திய ரத்தம் சிவப்பாகவே இருக்காது, காய்ந்தால் பழுப்பாகிக் கருக்கும். நேற்று நடந்த கொலைக்குப் பளீர்ச் சிவப்பு பூசினால் சாயம் கொட்டியதாகத்தான் தெரியும். இதற்காக விபத்தில் செத்தவர்களின் போட்டோக்களை இணையத்தில் தேடி அப்படியே வரையாதீர்கள். அவர்களுக்குக் குடும்பம் இருக்கிறது, அந்தப் படம் அவர்கள் கண்ணிலும் படும்.

மூடுபனி உங்களுக்குக் கிடைத்த வரம். சமவெளியில் இருந்துகொண்டு பனி வரைகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளைப் புகையை ஊதிவிடுகிறார்கள். நீங்கள் ஜன்னலைத் திறந்தால் நிஜம் நிற்கிறது. இருந்தும் முதல் படத்தில் பனியும் பௌர்ணமியும் வைத்து, மரங்களுக்குக் கூர்மையான நிழலும் போட்டிருக்கிறீர்கள். அடர்ந்த பனியில் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் தரையில் நிழல் விழாது. கிட்டே இருப்பது கருப்பாகவும் ஓரம் கூராகவும், தள்ளிப்போகப் போக வெளுத்து ஓரம் கரைந்தும் தெரியும். நான்கு தொனி, அதாவது கருப்பின் நான்கு அழுத்தம் போதும்: முன்னால் நிற்கும் மரம் 80 சதவீதக் கருப்பு, அடுத்த வரிசை 50, அதற்குப் பின்னால் 25, கடைசியில் 10. இப்போது அந்த உருவத்தை எங்கே நிறுத்துவது? எல்லோரும் முன்னால் நிறுத்துவார்கள். நீங்கள் 25 சதவீத வரிசையில், மரங்களில் ஒன்று போல நிறுத்துங்கள். முகம் தெரியக்கூடாது. கண்ணைச் சிவப்பாக்கும் ஆசையே அப்போது வராது.

கொடைக்கானலில் பள்ளத்தாக்கு ஓரமாகப் போகும் கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் வெயில் முதுகுப் பக்கமும் மேகம் எதிர்ப் பள்ளத்திலும் இருக்கும் நேரத்தில், பார்ப்பவரின் நிழல் பூதாகாரமாக மேகத்தின்மேல் விழும், தலையைச் சுற்றி வானவில் வளையத்தோடு. பிராக்கன் ஸ்பெக்டர் என்பார்கள். வாய்த்தால் அதையும் வரைந்து வையுங்கள். பக்கத்தில் ஆள் நின்றாலும் ஒவ்வொருவருக்கும் தன் தலையைச் சுற்றித்தான் வளையம் தெரியும். அந்த ஒரு உண்மைக்குள்ளேயே கதை இருக்கிறது.

போனில் வரைவது தப்பில்லை, ஆனால் மையும் தாளும் பழகுங்கள். கருப்பு வெள்ளைத் திகில் படத்துக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது, விற்க ஓர் அசலும் கையில் இருக்கும். தொட்டு எழுதும் ஜி நிப் இரண்டு, ஒரு பிடி, வாட்டர்புரூஃப் கருப்பு இந்தியன் இங்க், 2, 6 எண் வட்டப் பிரஷ்கள், வெள்ளை போஸ்டர் கலர், 250 ஜி.எஸ்.எம்.-க்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாளின் கனம்) குறையாத வழவழப்பான பிரிஸ்டல் தாள். இவ்வளவுதான். புது நிப்பில் துருப்பிடிக்காமலிருக்க ஒரு பூச்சு இருக்கும். கொஞ்சம் பற்பசை தொட்டுத் துடைத்துக் கழுவாவிட்டால் மை முத்துமுத்தாக உருண்டு, கோடு விட்டுவிட்டு விழும். இந்த மையை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றாதீர்கள், காய்ந்து அடைத்துவிடும். நிழலுக்குக் குறுக்குக்கோடு போடும்போது இரண்டாவது அடுக்கை 90 டிகிரியில் வெட்டினால் கொசுவலை மாதிரி ஆகும். 30 டிகிரிக்குள் சாய்த்து, மூன்று அடுக்கில் இருட்டைக் கட்டுங்கள்.

உங்கள் ஊரில் நிஜமான எதிரி ஈரம். ஐப்பசி கார்த்திகையில் தாள் காற்றின் ஈரத்தைக் குடித்து அலையலையாக எழும்பும், மைக்கோடு ஓரத்தில் பூசணம் பிடித்தது போலப் படரும், ரப்பர் போட்டால் நார் பிய்ந்து வரும், சில மாதத்தில் பழுப்புப் புள்ளிகள் விழும். தாளை வாங்கிய அன்றே காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது ஈரம் குடித்தது என்று தெரியும், சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். ரசகற்பூரம் பூச்சியை விரட்டும், ஈரத்தை எடுக்காது. வரைவதற்கு முன் தாளின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். படர்ந்தால் ஹேர் டிரையரை மெதுவான சூட்டில் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். கோடு போட்டு, மேலே நீர்த்த மை பூசுவதென்றால் ஒரு இரவு காயவிடுங்கள். தொட்டால் காய்ந்தது போல இருக்கும், நீர் பட்டதும் கலங்கும்.

அதே ஈரம் பனி வரைய உதவும். பூசிய மை சீக்கிரம் காயாததால் ஓரங்களைக் கரைக்க நேரம் கிடைக்கும். மூன்று கிண்ணங்களில் 10 சொட்டுத் தண்ணீருக்கு 1, 3, 10 சொட்டு என்று மை கலந்து, வெளுத்ததிலிருந்து தொடங்கி முன்னால் வாருங்கள். ஒவ்வொரு அடுக்கும் முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்தது.

வேலை வராததற்கு இன்னொரு காரணம் உங்கள் கோப்பின் அளவு. இணைத்தவை 1,080 பிக்சல் அகலம். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும், ஆக 3.6 அங்குலத்துக்குமேல் அது நிற்காது. தமிழ்ப் புத்தகங்களின் டெமி அளவு 5.5 × 8.5 அங்குலம். முன்னட்டைக்கு மட்டும் 1,650 × 2,550 பிக்சல், அச்சகத்தில் ஓரம் வெட்டுவதற்கு நாலாபுறமும் 3 மில்லிமீட்டர் சேர்த்தால் சுமார் 1,720 × 2,620. வரையத் தொடங்கும்போதே இதற்கு இரு மடங்கு வையுங்கள். சிறிதாக வரைந்ததைப் பிறகு பெரிதாக்கினால் மழுங்கும். அட்டையின் முதுகு எத்தனை மில்லிமீட்டர் என்பதைப் பக்க எண்ணிக்கையும் தாளும் முடிவானபின் அச்சகத்தில் கேட்டு வாங்குங்கள். தலைப்புக்காக அட்டையின் மேல்பகுதியில் மூன்றில் ஒரு பங்கை அமைதியாக விடுங்கள். தமிழ் எழுத்து அகலமானது, நுணுக்கமான கிளைகள்மேல் வைத்தால் படிக்க முடியாது.

திகில் படங்கள் அச்சில் சாவது இருட்டில்தான். போன் திரையில் தெரிந்த இருட்டு நுணுக்கங்கள் அட்டையில் ஒரே கரியாகிவிடும், மேட் லேமினேஷன் (பளபளப்பில்லாத மேலுறை) போட்டால் இன்னும் மங்கும். முக்கியமான எதையும் 85 சதவீதத்துக்குமேல் கருப்பில் புதைக்காதீர்கள். அட்டையின் ஆழ்ந்த கருப்புக்குச் சியான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கருப்பு 100 என்பது பரவலாகப் பயன்படும் கலவை, ஆனாலும் அச்சகத்தாரைக் கேட்டுக்கொள்ளுங்கள். உள்பக்கப் படம் நியூஸ்பிரிண்டில் போகிறதென்றால் மை ஊறி விரியும். நீங்கள் வைத்த 50 சதவீதச் சாம்பல் 70-க்கு மேல் போய் நிற்கும். அங்கே பனிப்பூச்சை விட்டுவிட்டுக் கோட்டிலேயே வரையுங்கள். கோடுகளுக்கு நடுவே அச்சில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் இடைவெளி வர வேண்டும். கோட்டுப் படத்தை 600 டி.பி.ஐ.-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள்.

பதிப்பாளர்களுக்கு மாதிரியாக அனுப்புவதற்கு 12 படம் போதும். அதில் நான்கு, தலைப்புக்கு இடம் விட்ட அட்டைகள். நான்கு கருப்பு வெள்ளைக் கதைப் படங்கள். ஒரே உருவத்தை மூன்று கோணத்தில் காட்டும் படங்கள் மூன்று. கடைசி ஒன்றில் பேயே இல்லாமல் மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் மனிதர்கள் போல எதையாவது வரையுங்கள், சாதாரண ஆளை வரைய வருமா என்று பதிப்பாளர் பார்ப்பார். பென்சில் முன்வரைவுகளையும் லேயர் பிரிந்த கோப்புகளையும் அழிக்காதீர்கள். கணினி உருவாக்கிய படமா என்ற சந்தேகம் இப்போது யாருக்கும் வரும்.

அம்மா சொல்வதைக் கேளுங்கள். மஞ்சள் பல்பின் கீழ் சாம்பல் தொனிகள் தப்பாகத்தான் தெரியும், காலை வெளிச்சத்தில் வரைவது படத்துக்கும் நல்லது. ஆனால் அவர் பயத்துக்கு அது மட்டும் பதிலாகாது. காரைக்கால் அம்மையார் பாட்டை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பேயை ஈசன் ஆடும் காட்டில் வைத்துப் பாடிய மரபு நம்முடையது. நீங்களும் ஒரு எல்லையை மதியுங்கள். கருப்பசாமி, முனியாண்டி பேயல்ல, காவல் தெய்வம். கோரைப்பல்லும் அரிவாளும் இருக்கிறதென்று அவர்களைக் கொலைகாரப் பிசாசாக்காதீர்கள். காட்டுக்குள் பயமுறுத்தும் ஆள் வேண்டுமென்று உங்கள் மலையில் வாழும் மக்களான பளியர்களையோ புலையர்களையோ வரையாதீர்கள். தாண்டிக்குடி, பேத்துப்பாறைக் கல்திட்டைகளை (பலகைக் கற்களால் ஆன பழங்கால ஈமச்சின்னங்கள்) வரையலாம், அருமையான களம். கல்லை நகர்த்தவோ ஏறி நிற்கவோ வேண்டாம்.

கடைசியாக, உரிமை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து ஒருவர் சொல்லி வரையவைத்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவர்தான் முதல் உரிமையாளர். நீங்கள் சும்மா இருந்தால் உரிமை போய்விடும். அதனால் தொடங்குமுன் ஒரு பக்கத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும், இந்தப் புத்தகத்தின் தமிழ் அச்சுப் பதிப்பு, மின்நூல், அதன் விளம்பரம் ஆகியவற்றுக்கு இத்தனை ஆண்டு அனுமதி, டி-ஷர்ட், ஆடியோ, சினிமாவுக்குத் தனிக் கட்டணம், ஓவியர் பெயர் உள்ளே அச்சாகும். உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 19-ஆம் பிரிவு 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். பாதிப் பணம் முன்பணம், முன்வரைவு மூன்று, திருத்தம் இரண்டு முறை, அதற்குமேல் தனிக் கட்டணம், நடுவில் வேலையை நிறுத்தினால் முன்பணம் திரும்பாது என்பதையும் அதிலேயே சேருங்கள்.

அசல் தாள் உங்களுக்கே என்று ஒரு வரி எழுத மறக்காதீர்கள். அச்சுக்குக் கொடுப்பது ஸ்கேன் மட்டும். அசலைப் பின்னால் விற்றாலும் வாங்கியவருக்குப் போவது அந்தத் தாள்தான், மறுபதிப்பு உரிமை போகாது என்பதை ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள்.